டெல்பின் வீட்டு முதல் பட்டதாரி

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெல்பின் வீட்டுச் சுவரை நான் ஏறிட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுதவேண்டிய தேவையே வந்திருக்காது. என் மடியில் லேப்டாப். பக்கத்தில் பிளஸ் டூ முடித்த பிரின்சி. எதிரே தரையில் அவள் அம்மா டெல்பின். என்ஜினியரிங் கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி முதலில் வேண்டும், எது அடுத்து வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுக்கிற சாய்ஸ் லிஸ்டைப் போட்டுக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்த லிஸ்ட் பூட்டிவிடும். நாற்பதாவது கல்லூரியைச் சேர்த்துவிட்டு, கழுத்து வலிக்கிறதே என்று நிமிர்ந்தேன். இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஒரு போட்டோ இருந்தது. கறுப்பு கவுன், கையில் சுருட்டிய பட்டம், தலையில் கன்னியாஸ்திரிகள் போடும் வெள்ளை முக்காடு.

"இது யாரு டெல்பின்?" என்று கேட்டேன்.

"அது எங்க சிஸ்டர், டீச்சர். எனக்க மூத்த மவ. மடத்துல சேந்த பிறவு அவங்களே நர்சிங் படிக்க வச்சாவ. பட்டம் வாங்கினப்பம் எடுத்த போட்டோ. இப்பம் ஒடிசாவுல ஆஸ்பத்திரியில நிக்கியா" என்றாள், கடையில் மீன் விலை சொல்கிற மாதிரி.

மே மாதம் இதே டெல்பினிடம்தான் "உங்க குடும்பத்துல யாராவது டிகிரி முடிச்சிருக்காங்களா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர்" என்றாள். அதை நம்பி, முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை என் கையாலேயே நிரப்பிக் கொடுத்தேன். சான்றிதழும் வந்து, கவுன்சலிங்கில் ஏற்றியும் ஆகிவிட்டது.

1. பிரின்டரைச் சரிசெய்ததால் வந்த வினை

நான் பிசிக்ஸ் டீச்சர். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில், அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்துப் போன வருஷம் ஓய்வு பெற்றேன். கடைசி ஆறு வருஷம் உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. ஒரு நாள் ஆபீஸ் பிரின்டரில் பேப்பர் சிக்கி நின்றது. நான் போய்ப் பிடித்து இழுத்தேன், ஓடிவிட்டது. "டீச்சருக்கு கம்ப்யூட்டர் எல்லாம் அத்துப்படி போலிருக்கே" என்றார் ஹெட்மாஸ்டர். அவ்வளவுதான், அடுத்த வாரம் ஆர்டர் வந்துவிட்டது.

இந்தப் பக்கத்துத் தகப்பன்மார் பாதிப்பேர் கொச்சியில் மீன்பிடி போட்டில் இருப்பார்கள், மீதிப்பேர் கல்ஃபில் இருப்பார்கள். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவது முழுக்க அம்மாமார்தான். துணிக்கடைப் பையில் சர்டிபிகேட்டுகளைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். "எது படிச்சா சீக்கிரம் வேலை கிட்டும் டீச்சர்?" "கொழுந்தன் மவன் மெர்ச்சன்ட் நேவி போனான், இவனுக்கும் அது கிட்டுமா?" இப்படித்தான் தொடங்கும். நான் ஒரு தாளில் மூன்று பத்தி போடுவேன். பிள்ளைக்குப் பிடித்தது, மார்க்குக்குக் கிடைப்பது, வீட்டால் தாங்க முடிவது. மூன்றாவது பத்தியைப் பெற்றவர்கள் பிள்ளைக்கு முன்னால் நிரப்பவே மாட்டார்கள். பிள்ளையைக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டுத்தான் கேட்கவேண்டும். புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருகிறவர்கள் இதையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

சாய்ஸ் லிஸ்டைப் பிள்ளையின் வீட்டில் வைத்துத்தான் போடுவேன் என்பதும் என் வழக்கம். ப்ரவுசிங் சென்டரில் போட்டால் பெற்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது.

நான் சுபாவத்திலேயே பயந்தவள். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். ஒரு ஃபாரத்தை மூன்று தடவை சரிபார்ப்பேன். "டீச்சர்கிட்ட ஃபாரம் போனா கமா கூட தப்பாது" என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் செய்வார்கள். அந்தக் கிண்டலை நான் உள்ளுக்குள் ரசித்ததும் உண்டு.

இப்போது முதல் பட்டதாரி விஷயம். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று யாருமே பட்டம் வாங்காத வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு டியூஷன் ஃபீசில் சலுகை உண்டு. குடும்பத்தில் பட்டதாரி இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் தாலுகா ஆபீசில் சான்றிதழ் தருவார்கள். எங்களுடையது அரசுப் பள்ளி இல்லை என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள்ள ஒதுக்கீடு எங்கள் பிள்ளைகளுக்குக் கிடையாது. ஆகவே இந்தச் சான்றிதழ்தான் எங்களுக்குப் பெரிய பிடிமானம்.

பிரின்சி அந்த வருஷம் பள்ளியில் முதல் மார்க். கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கவேண்டும் என்பது அவள் ஆசை. அவள் ரேங்குக்கு அது கிடைக்கும். சலுகை இருந்தால் வீட்டாலும் தாங்க முடியும். மூன்று பத்தியும் ஒரே கல்லூரியில் வந்து நிற்பது எப்போதாவதுதான் நடக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். நாகர்கோவிலில் ஒரு அறக்கட்டளை வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு, நான்கு வருஷப் படிப்புக்கும் உதவி செய்யும். எங்கள் பள்ளி யாரைச் சொல்கிறதோ அந்தப் பிள்ளைக்கு. பிரின்சியைத்தான் சொல்லியிருக்கவேண்டும். நான்தான் அவளைக் கூப்பிட்டு, "உனக்கு முதல் பட்டதாரி சலுகை இருக்கே மக்கா, இத வேற பிள்ளைக்கு விடுவோம்" என்றேன். அவள் சரி டீச்சர் என்று தலையாட்டினாள். ஜூன் மாதத்தோடு அந்தத் தேதியும் போய்விட்டது.

2. ஒப்புக்கொடுத்த பிள்ளை

"டெல்பின், நான் கேட்டப்போ யாரும் இல்லைன்னுல்லா சொன்ன?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

அவள் முகத்தில் குழப்பம்தான் தெரிந்தது. "நீங்க குடும்பத்துல உண்டான்னுதானே டீச்சர் கேட்டிய? அவள சபைக்கு ஒப்பு கொடுத்து பன்னெண்டு வருசமாச்சு. கடைசி வரைக்கும் மடம்தான்னு நித்திய வார்த்தைப்பாடு எடுத்த அன்னைக்கு மடத்து மதர் சொன்னாவ, இனி இவ உங்க பிள்ளை இல்ல, ஆண்டவருக்க பிள்ளைன்னு. நாங்களும் அழுதுட்டு, சரின்னுதான் வந்தோம். ரேசன் கார்டுலயும் பேர எடுத்தாச்சு. பின்ன நான் எப்படி டீச்சர் அவள இந்த வீட்டு ஆளுன்னு சொல்லுவேன்?"

பொய் சொல்லும் முகம் எனக்குத் தெரியும். ஹோம் ஒர்க் நோட்டை வீட்டில் வைத்துவிட்டேன் என்பதை முப்பது வருஷத்துக்குமேல் கேட்டவள். இது அந்த முகம் இல்லை. டெல்பின் சத்தியமாக நம்பித்தான் சொல்லியிருந்தாள்.

தப்பு என்னுடையது. நான் புராட்டஸ்டன்ட். எங்கள் சபையில் கன்னியர் மடம் கிடையாது. பெற்ற பிள்ளையைக் கடவுளுக்கென்று கொடுத்துவிட்டு, பிறகு அவளைத் தன் பிள்ளை என்று எண்ணாமல் இருப்பது எப்படியென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஊரில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது ஒரு சிஸ்டர் உண்டு. எங்கள் பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கமே மடம். தினமும் மணிச்சத்தம் கேட்டும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லையே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பிரின்சி, "அப்பம் கோயம்புத்தூர் கிடையாதா டீச்சர்?" என்றாள்.

"நாளைக்குச் சொல்லுகேன் மக்கா" என்று லேப்டாப்பை மூடினேன்.

பஸ்ஸில் ஏறியதும் என்னோடு இதே பொறுப்பில் இருந்த வில்சன் சாருக்கு போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டார். "ஏன் டீச்சர் நீங்களே போய் குழி தோண்டுதிய? ரேசன் கார்டுல அப்பா, அம்மா, அண்ணன், பிரின்சி. நாலே பேரு. அந்த சிஸ்டர் ஒடிசாவுல இருக்கா. யாரு தேடிப் போகப் போறா? அந்த போட்டோவக் கழத்திப் பெட்டியில வைக்கச் சொல்லுங்க. முடிஞ்சு."

உண்மையைச் சொல்கிறேன், பஸ் அம்மாண்டிவிளை வருவதற்குள் என் மனசு பாதி அவர் பக்கம் போய்விட்டது. யாருக்கு நஷ்டம்? மீன் சுமந்து விற்கிற ஒரு அம்மா. நன்றாகப் படிக்கிற ஒரு பெண். ஆனால் ஊர் என்றால் பிடிக்காதவர்கள் நாலு பேர் இருப்பார்கள். ஒரே ஒரு மனு போதும். தெரிந்தே பொய்ச் சான்றிதழ் என்று ஆகிவிட்டால் வாங்கிய சலுகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், சீட்டே போனாலும் போகும். நான்கு வருஷத்தில் எந்த நாளும் அது நடக்கலாம். பிரின்சி மூன்றாம் வருஷம் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது ஆபீஸ் ரூமிலிருந்து ஆள் வருவது மாதிரி நினைத்துப் பார்த்தேன்.

எனக்கு ஓய்வுக்கு ஒரு வருஷம்தான் பாக்கி இருந்தது. விண்ணப்பத்தில் இருப்பது என் கையெழுத்து. பிள்ளையை நினைத்துப் பயந்தேனா, என் பென்ஷனை நினைத்துப் பயந்தேனா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெப்ராளம் என்று எங்கள் ஊரில் சொல்வார்களே, நெஞ்சு படபடத்து ஓர் இடத்தில் உட்கார விடாது, அதுதான் அன்றைக்கு எனக்கு.

3. உதவி மையத்து வராந்தா

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டெல்பினையும் பிரின்சியையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் கவுன்சலிங் உதவி மையம் நடக்கும் கல்லூரிக்குப் போய்விட்டேன். கவுன்டரில் இருந்தவர் இளவயது லெக்சரர். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த சர்டிபிகேட்ட வாங்கத்தான் ஆளுங்க வருவாங்க டீச்சர். வேண்டாம்னு சொல்லி வந்தது நீங்கதான்" என்றார். பிறகு ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். "அம்மா கைப்பட ஒரு லெட்டர். பெத்த பிள்ளைங்க எல்லார் பேரும், வயசும், படிப்பும் இருக்கணும். பட்டம் வாங்கினவங்க எந்த வருஷம் முடிச்சாங்கன்னும் எழுதணும். நாலு மணிக்குள்ள குடுத்தா சலுகை கேட்டத நீக்கிடலாம். திங்கக்கிழமை தாலுகா ஆபீஸ்லயும் ஒரு காப்பி குடுத்துடுங்க. ஆனா ஒண்ணு, நீக்கினா திரும்ப சேக்க முடியாது. நல்லா யோசிச்சுக்கோங்க."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தாளையும் பேனாவையும் டெல்பின் கையில் கொடுத்தேன். அவள் தாளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று.

"என்ன டெல்பின்?"

"எழுத மாட்டேன் டீச்சர்."

ஃபீசை நினைத்துத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அது இல்லை.

"கொடுத்த நேர்ச்சைய திரும்ப எடுக்கியது மாதி ஆயிராதா? எனக்க பிள்ளைன்னு நான் எழுதிக் கொடுத்தா, கொடுத்தத ஏன் திரும்ப கேக்கியன்னு ஆண்டவர் கேக்க மாட்டாரா? அவ காய்ச்சல் வார்டுல நிக்கிய பிள்ளை. அவளுக்கு ஏதாவது ஒண்ணு வந்துட்டா நான் என்ன செய்வேன்?"

எனக்கு வந்த கோபத்தில், "ஆண்டவருக்கு வேற ஜோலி கிடையாதா, தாலுகா ஆபீஸ் பேப்பரப் பாத்துட்டு இருக்கதுக்கு?" என்று கத்திவிட்டேன். சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் பயம் எனக்கு விளங்காவிட்டாலும் பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? மணி பதினொன்றரை. கவுன்டரில் வரிசை நீண்டுகொண்டே போனது.

பிரின்சிதான் போனை எடுத்தாள். "எப்படியும் வருசம் எல்லாம் கேக்கணும்லா, சிஸ்டருக்கே போடுகேன்" என்று ஒடிசாவுக்கு டயல் செய்து ஸ்பீக்கரில் வைத்தாள். நல்ல வேளை, அங்கே டூட்டி முடிந்திருந்தது. நான்தான் விஷயத்தைச் சொன்னேன். சிஸ்டர் முதலில் கேட்டது இதுதான்.

"டீச்சர், எனக்க பேரு போட்டா பிள்ளைக்கு ஃபீஸ் கூடுமா?"

"கூடும்மா."

"அப்பம் நான் இல்லைன்னே எழுதிருங்க டீச்சர். எனக்குச் சங்கடம் ஒண்ணும் கிடையாது. எப்படியும் நான் அங்க இல்லல்லா. வீட்டுக்குன்னு நான் இதுவரைக்கும் ஒண்ணும் செஞ்சதில்ல. இதாவது செஞ்சதா இருக்கட்டு."

டெல்பின் போனை பிரின்சி கையிலிருந்து பிடுங்கினாள்.

"ஏட்டி ராணி, என்னத்தட்டி பேசிய? நீ இல்லைன்னு நான் எழுதவா? பத்து மாசம் சுமந்தது நானா, மதரா? மூணு நாளு நோவெடுத்துப் பெத்த தலைப்பிள்ளைய இல்லைன்னு இந்தக் கையால எழுதவா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டெல்பின் யாரையும் பார்க்கவில்லை. கண்ணீர் தாளில் விழுந்தது. போனுக்குள்ளிருந்து "அம்மா" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அங்கேயும் அழுகைதான்.

பிரின்சி எனக்குப் பிறகு சொன்னாள், மடத்துக்குப் போன நாளிலிருந்து அம்மா அக்காவை சிஸ்டர் என்று மட்டும்தான் கூப்பிடுவாளாம். ராணி என்ற பேரை அவள் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டாளாம்.

டெல்பின் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். நனைந்த தாளை மாற்றி வேறு தாள் வாங்கி, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, வயசும் வருஷமும் சேர்த்து எழுதினாள். ஒன்று, சகாய ராணி, மகள், பி.எஸ்ஸி. நர்சிங். இரண்டு, அந்தோணி, மகன், எட்டாம் வகுப்பு. மூன்று, பிரின்சி, மகள், பிளஸ் டூ. மூன்று மணிக்குக் கவுன்டரில் கொடுத்தோம். அந்த லெக்சரர் முழுவதும் படித்துவிட்டு சீல் போட்டார்.

4. பூட்டிய லிஸ்ட்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மறுபடியும் அதே வீடு, அதே லேப்டாப். முந்தாநாள் போட்ட நாற்பதையும் கலைத்தோம். ஃபீஸ் குறைந்த அரசுக் கல்லூரிகள் மேலே வரவேண்டும். அவற்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் அவள் ரேங்குக்குக் கிடைப்பது சந்தேகம். எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் எல்லாம் சேர்த்தோம். லோன் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். கையெழுத்துப் போடவேண்டிய அப்பா ஆழ்கடலில் இருந்தார், கரைக்கு வர இன்னும் மூன்று வாரம். அவரைக் கேட்காமல் அவ்வளவு பெரிய கடனுக்கு டெல்பின் சம்மதிக்கவில்லை.

கோயம்புத்தூர்க் கல்லூரியைப் பிரின்சி தன் விரலாலேயே கீழே இறக்கினாள். ஒவ்வொரு படியாக இறக்கினாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தண்ணீர் கேட்டு எழுந்து போய்விட்டேன். நாலு நாற்பதுக்கு லாக் செய்தோம்.

அலாட்மென்ட் வரும்வரை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வெப்சைட்டைத் திறந்து பார்த்திருப்பேன். ஒன்றுமே கிடைக்காமல் போனால் அந்த அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன் என்ற பயம்தான். நெல்லைப் பக்கம் ஒரு அரசுக் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் கிடைத்தது. ஹாஸ்டல் செலவுக்கு அண்ணன் அந்தோணி போட்டுத் தொழிலிலிருந்து அனுப்புகிறான். இப்போது மூன்றாம் வருஷம் படிக்கிறாள்.

போன மாதம் திங்கள்நகர் பஸ் ஸ்டாண்டில் பிரின்சியைப் பார்த்தேன். படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் கேட்டாள். "டீச்சர், அந்த அறக்கட்டளை ஸ்காலர்ஷிப் மட்டும் கிட்டியிருந்தா நான் கோயம்புத்தூர் போயிருப்பேன் இல்லியா?" கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஆமா மக்கா" என்றேன். "அது எனக்க தப்பு."

"சும்மா கேட்டேன் டீச்சர்" என்றாள். பஸ் வந்ததும் ஏறிவிட்டாள்.

இனி இந்த வேலைக்கு வருகிற டீச்சர்மாருக்கு நான் சொல்வது இதுதான். குடும்பத்தில் பட்டதாரி உண்டா என்று பெற்றவர்களிடம் கேட்காதீர்கள். குடும்பம் என்று அவர்கள் நினைப்பது வேறு, ஃபாரம் நினைப்பது வேறு. நான் அதற்குப் பிறகு எல்லா அம்மாமாரிடமும், "எத்தனை பிள்ளை பெத்திய?" என்றுதான் தொடங்கினேன். அப்புறம் ஒவ்வொரு பிள்ளையாகப் பேர் கேட்டேன், இப்போது எங்கே இருக்கிறது, என்ன படித்தது என்று கேட்டேன். நேரம் ஆகும். சிலர் அழுவார்கள். அழட்டும், காத்திருங்கள். ஒரு உதவி உறுதியாகும் முன்னால் இன்னொன்றை விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள். என்னை மாதிரி மூன்று தடவை சரிபார்க்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கேட்காத கேள்வியைச் சரிபார்க்க முடியாது.

பிரின்சியைப் பார்த்த அடுத்த வாரம் டெல்பின் வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய இடத்திலேயே ராணியின் போட்டோ இருந்தது. பக்கத்தில் ஒரு புது ஆணி, ஒன்றும் மாட்டாமல் வெறுமனே.

"இது எதுக்கு டெல்பின்?"

"ரெண்டாவது பட்டதாரிக்கு டீச்சர்" என்றாள்.

சும்மா இருக்க முடியாமல் எழுந்து போய் அந்த ஆணியை இழுத்துப் பார்த்தேன். உறுதியாகத்தான் இருந்தது.